நியூட்ரான் கூடத்தில் போரேட் கண்ணாடி: பயணக் குறிப்புகள்

ஞாயிறு

இங்கிலாந்தின் டிட்காட் ரயில் நிலையத்தில் இறங்கி பஸ் பிடித்தால் ஹார்வெல் வளாகம் பக்கம்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானப்படைத் தளமாக இருந்து, 1946ல் அணுசக்தி ஆராய்ச்சி நிலையமாக மாறிய இடம். இன்றைக்கு ஐசிஸ் நியூட்ரான் மையம், டயமண்ட் சிங்க்ரோட்ரான் இரண்டும் இங்கேதான் அக்கம்பக்கமாக இருக்கின்றன. ஒன்று நியூட்ரான் தருகிறது, மற்றது எக்ஸ் கதிர் தருகிறது. கண்ணாடிக்குள் அணுக்கள் எப்படி அமர்ந்திருக்கின்றன என்று பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டுமே வேண்டும். இந்த முறை எங்களுக்கு நியூட்ரான்.

எங்களுக்கு என்றால் எனக்கும், எங்கள் ஆய்வுக் குழுவில் மூத்தவரான அக்காவுக்கும். ஐசிஸில் ஆண்டுக்கு இரண்டு முறை விண்ணப்பம் வாங்குவார்கள். என்ன அளக்கப் போகிறோம், ஏன் நியூட்ரான்தான் வேண்டும், எத்தனை நாள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, மற்ற விஞ்ஞானிகள் அதைப் படித்து மதிப்பெண் போட்டு, அதற்கப்புறம்தான் பீம் டைம், அதாவது நியூட்ரான் கற்றையைப் பயன்படுத்தும் நேரம், கிடைக்கும். கிடைத்துவிட்டது.

பையில் இருப்பவை நான்கு போரேட் கண்ணாடிகள், அதாவது போரான் ஆக்சைடை அடிப்படையாகக் கொண்டவை. ஒன்று வெறும் போரான் ஆக்சைடு. மற்ற மூன்றிலும் அதனுடன் லித்தியம் ஆக்சைடு 10, 20, 30 மோல் சதவீதம் கலந்திருக்கிறது. நான்கும் ஈரத்தைக் கண்டால் உறிஞ்சிக்கொள்ளும். போரான் ஆக்சைடு கண்ணாடியைக் காற்றில் வைத்தால் மேற்பரப்பு மங்கி வெள்ளையாகிவிடும், அது போரிக் அமிலமாக மாறுகிறது என்று அர்த்தம். ஈரம் வந்தால் ஹைட்ரஜன் வரும். ஹைட்ரஜன் நியூட்ரானை எல்லாத் திசையிலும் கன்னாபின்னாவென்று சிதறடித்து, நாம் தேடும் சிறிய சமிக்ஞையை மூழ்கடித்துவிடும். அதனால் உலர் ஆர்கானில் அடைத்த குப்பிகள், அவற்றைச் சுற்றி ஈரமுறிஞ்சிப் பொட்டலங்கள்.

இந்தக் கண்ணாடிகளைச் சாதாரண போரிக் அமிலத்தில் செய்ய முடியாது. இயற்கையில் கிடைக்கும் போரானில் ஐந்தில் ஒரு பங்கு போரான்-10. அது நியூட்ரானை விழுங்குவதில் பெரும் பசிக்காரன். 1.8 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஒரு ஆங்ஸ்ட்ராம்) அலைநீள நியூட்ரானுக்கு அதன் உட்கவர் பரப்பு, அதாவது விழுங்கும் திறனின் அளவு, ஏறத்தாழ 3,800 பார்ன் என்ற அலகு. போரான்-11க்கு அது 0.0055 பார்ன்தான். ஒரே தனிமம், ஒரே வேதியியல், ஆனால் ஒரு நியூட்ரான் கூடியதில் இத்தனை வித்தியாசம். லித்தியத்திலும் இதே கதை: லித்தியம்-6 விழுங்கும், லித்தியம்-7 விட்டுவிடும். எனவே போரான்-11, லித்தியம்-7 ஆகியவற்றைச் செறிவூட்டிய மூலப்பொருள்களை வாங்கி, பிளாட்டினம் மூசையில் உருக்கி, சட்டென்று குளிரவைத்துச் செய்த கண்ணாடிகள் இவை. ஒவ்வொரு கிராமும் அருமை.

திங்கள்

காலையில் பாதுகாப்புப் பயிற்சி, கதிர்வீச்சு அளவி வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்வது, கருவிக்குப் பொறுப்பான விஞ்ஞானியைச் சந்திப்பது. இதெல்லாம் மதியத்துக்குள் முடிந்தது. அப்புறம் கூடத்தைச் சுற்றிப் பார்த்தோம்.

ஐசிஸில் அணு உலை கிடையாது. இங்கே நியூட்ரான் உடைத்து எடுக்கப்படுகிறது. ஹைட்ரஜன் அயனிகளை ஒரு நேர்கோட்டு முடுக்கி வேகப்படுத்தி, 163 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வளையத்துக்குள் அனுப்புகிறது. நுழையும் இடத்தில் மிக மெல்லிய ஒரு தகடு அயனிகளின் எலெக்ட்ரான்களை உரித்துவிட, வெறும் புரோட்டான்கள் வளையத்தில் ஓடுகின்றன. 10 மில்லி வினாடியில் ஏறத்தாழ 10,000 சுற்று. முடிவில் அவற்றின் ஆற்றல் 800 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட், வேகம் ஒளியின் வேகத்தில் 84 சதவீதம். அந்தத் திரளை டங்ஸ்டன் இலக்கின் மேல் மோதவிடுகிறார்கள். ஒவ்வொரு புரோட்டானும் கனமான அணுக்கருவைத் தாக்கும்போது பத்துப் பதினைந்து நியூட்ரான்களுக்கு மேல் தெறிக்கின்றன. வினாடிக்கு 50 முறை இது நடக்கிறது. 1984 டிசம்பரில் முதல் நியூட்ரான் கிடைத்தது. 2008ல் இரண்டாவது இலக்கு நிலையமும் வந்தது. ஐந்து துடிப்பில் ஒன்று அங்கே போகும், மற்ற நான்கும் முதல் நிலையத்துக்கு.

தெறிக்கும் நியூட்ரான்கள் அப்படியே நமக்குப் பயன்படாது, வேகம் மிக அதிகம். இலக்கை ஒட்டித் தணிப்பான்கள் இருக்கின்றன. எங்கள் கருவி பார்ப்பது திரவ மீத்தேன் தணிப்பானை. அதில் மோதி மோதி வேகம் குறைந்த நியூட்ரான்கள் ஒரு குழாய் வழியாக எங்களை நோக்கி வரும். கருவியின் பெயர் ஜெம். தணிப்பானுக்கும் மாதிரிப் பொருளுக்கும் இடையே 17 மீட்டர்.

இந்த 17 மீட்டரில்தான் விஷயமே இருக்கிறது. நியூட்ரானும் அலைதான். வேகம் குறைந்தால் அலைநீளம் கூடும். 1 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள நியூட்ரான் வினாடிக்கு ஏறத்தாழ 3,956 மீட்டர் போகும். 17 மீட்டரைக் கடக்க அதற்கு 4.3 மில்லி வினாடி ஆகும். எல்லா நியூட்ரான்களும் ஒரே கணத்தில் புறப்பட்டு, வேகமானவை முதலிலும் மெதுவானவை கடைசியிலும் வந்து சேர்கின்றன. வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டால் அலைநீளம் தெரிந்துவிடும். அலைநீளத்தைப் பிரித்தெடுக்க வேறு எதுவும் வேண்டாம், ஒரு கடிகாரம் போதும். நியூட்ரான் சிதறலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

மாலையில் கருவியின் உட்புறப் படங்களைக் காட்டி விஞ்ஞானி விளக்கினார். மாதிரிப் பொருளைச் சுற்றி ஆயிரக்கணக்கான உணரிகள். ஒவ்வொன்றிலும் துத்தநாக சல்ஃபைடும் லித்தியம்-6ம் இருக்கின்றன. நியூட்ரான் வந்து லித்தியம்-6ல் மாட்டினால் அந்த அணுக்கரு ஆல்ஃபா துகளாகவும் டிரிட்டானாகவும் (ஹைட்ரஜன்-3 அணுக்கரு) உடைகிறது. அந்த ஆற்றலில் துத்தநாக சல்ஃபைடு மினுக்கென்று ஒளிர்கிறது. அந்த மினுக்கல்தான் எங்கள் தரவு. வேண்டாத நியூட்ரானை உள்ளே விடாமல் தடுப்பதற்கு நியூட்ரான் கருவிகளில் போரான் கார்பைடு பயன்படுத்துகிறார்கள். அங்கே வேலை பார்ப்பது போரான்-10. எங்கள் கண்ணாடியிலிருந்து பாடுபட்டு வெளியேற்றிய அதே இரண்டு ஐசோடோப்புகள், கண்ணாடியைச் சுற்றிக் காவலுக்கும் கணக்கெடுப்புக்கும் நிற்கின்றன. விஞ்ஞானி சொல்லி முடித்ததும் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

செவ்வாய்

பீம் எங்கள் கைக்கு வந்தது. ஆனால் கண்ணாடியை உடனே வைக்கவில்லை.

முதலில் காலிக் கருவி. அப்புறம் காலி கேன். கேன் என்பது மெல்லிய வனேடியம் தகட்டில் செய்த உருளை, 8 மில்லிமீட்டர் விட்டம். தகடு காகிதத்தை விட மெலிசு, விரலால் அழுத்தினால் நசுங்கும். வனேடியத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அதன் சிதறலில் ஒத்திசைந்த பகுதி மிகமிகக் குறைவு. கூர்மையான முகடு எதையும் அது ஏறக்குறையக் காட்டாது. எங்கள் கண்ணாடியின் சித்திரத்துக்கு நடுவே கேனின் சித்திரம் வந்து குழப்பாது. அடுத்தது சிறிது நியோபியம் கலந்த வனேடியம் தண்டு. எத்தனை நியூட்ரான் விழுந்தால் எத்தனை சிதறும் என்று அதற்குத் துல்லியமாகக் கணக்குப் போட முடியும் என்பதால், உணரிகளை அளவுதிருத்தம் செய்ய அதுதான் படிக்கல்.

எனக்குக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்ற துடிப்பு. அக்கா அசையவில்லை. "அவசரப்படாதே. வெறும் கேனை ஒழுங்கா அளக்கலைன்னா உள்ள இருக்கிறதைப் பத்தி நாம எதுவும் பேச முடியாது" என்றார். சரிதான். படிகத்தில் சிதறல் கூர்மையான ஊசிகளாக வரும், பின்னணி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஊசி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். கண்ணாடியில் ஊசிகள் இல்லை. அகலமான மேடுகளும் நீண்டு தேயும் அலைகளும்தான். பின்னணியில் ஒரு சதவீதம் பிசகினாலும் அது நேராக முடிவில் போய் உட்காரும்.

இங்கே அளவை நேரத்தை மணியில் சொல்வதில்லை, மைக்ரோஆம்பியர்-மணியில் சொல்கிறார்கள். எத்தனை புரோட்டான் இலக்கில் விழுந்தது என்பதுதான் உண்மையான கணக்கு.

மாலையில் போரான் ஆக்சைடு. ஆர்கான் நிறைந்த கையுறைப் பெட்டிக்குள் குப்பியைத் திறந்து, கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகக் கேனுக்குள் இறக்கினேன். நிறமில்லாத, தெளிவான சில்லுகள். விளிம்பில் வெளிச்சம் பட்டு மின்னியது. மேலே மூடியைத் திருகி, எடை பார்த்து, நிரம்பிய உயரத்தை அளந்து குறித்தோம். எத்தனை அணுக்கள் கற்றையில் நிற்கின்றன என்று தெரியாமல் அண்டை அணுக்களின் எண்ணிக்கையைச் சொல்ல முடியாது. கேனைக் கம்பியின் நுனியில் பொருத்தி வெற்றிடத் தொட்டிக்குள் இறக்கி, உள்ளே யாரும் இல்லை என்று சுற்றிப் பார்த்து, பூட்டி, சாவியை அதன் இடத்தில் மாட்டினால்தான் கற்றையை மறித்திருக்கும் ஷட்டர் திறக்கும். திறந்தது. திரையில் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது.

புதன், விடியற்காலை

இரவு முறை என்னுடையது. கூடத்தில் பம்புகளின் ஓசை மட்டும். தரவு சேர்ந்துகொண்டே இருக்கிறது, செய்ய ஒன்றுமில்லை. எழுத நல்ல நேரம்.

1932 என்ற ஆண்டை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஆண்டில்தான் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டில் சிகாகோவில் இருந்த ஸக்கரியாசென், கண்ணாடியின் அணு அமைப்பைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். இரண்டுக்கும் அப்போது ஒரு தொடர்பும் கிடையாது. ஸக்கரியாசென் சொன்னது இதுதான்: கண்ணாடியின் ஆற்றல் படிகத்தின் ஆற்றலை விடப் பெரிதாக வேறுபடுவதில்லை, ஆகவே இரண்டிலும் அடிப்படைக் கட்டுமான அலகு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். சிலிக்காவில் சிலிக்கானைச் சுற்றி நான்கு ஆக்சிஜன், போரான் ஆக்சைடில் போரானைச் சுற்றி மூன்று ஆக்சிஜன். அலகுகள் மூலையோடு மூலை கோத்துக்கொண்டு போகும், ஆனால் கோக்கும் கோணங்கள் இடத்துக்கு இடம் மாறும். அதனால் வலை முடிவில்லாமல் போகும், ஒரு இடம்கூட இன்னொரு இடத்தைப் போல இருக்காது. 1930களில் இயற்பியலாளர் வாரனின் குழுவினர் எக்ஸ் கதிர்ச் சிதறலில் இருந்து அணுக்களுக்கு இடையிலான தூரங்களைக் கணக்கிட்டு, இந்தப் படம் பொருந்துகிறது என்று காட்டினார்கள்.

கண்ணாடி என்றால் அணுக்கள் தாறுமாறாக இறைந்து கிடப்பது என்று பள்ளிப் புத்தகங்களில் எழுதிவிடுகிறார்கள். பாதிதான் உண்மை. மைதானத்தில் நிற்கும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அணிவகுப்பு இல்லை, வரிசை இல்லை. ஆனாலும் ஒருவர் மேல் ஒருவர் ஏறி நிற்பதில்லை, பக்கத்தில் இருப்பவர் ஏறக்குறைய ஒரே தூரத்தில்தான் இருப்பார். இருபதாவது ஆள் எங்கே என்று கேட்டால்தான் பதில் கிடையாது. சிலிக்கா கண்ணாடியில் சிலிக்கானுக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள தூரம் 1.61 ஆங்ஸ்ட்ராம். குவார்ட்ஸ் படிகத்திலும் அதேதான். முதல் அண்டையில் ஒழுங்கு சிதையவே இல்லை.

அது மட்டுமல்ல. இப்போது கற்றையில் இருக்கும் போரான் ஆக்சைடு அதற்கும் மேலே போகிறது. அதில் மூன்று போரானும் மூன்று ஆக்சிஜனும் மாறிமாறிக் கோத்த தட்டையான அறுகோண வளையங்கள் இருக்கின்றன. போராக்சால் வளையம் என்பார்கள். சிதறும் ஒளியை வைத்து அணுக்களின் அதிர்வுகளைக் காட்டும் ராமன் நிறமாலையில், சென்டிமீட்டருக்கு 808 என்ற அலை எண்ணில் ஊசி போல ஒரு கோடு நிற்கும், அது இந்த வளையம் மொத்தமாக விரிந்து சுருங்கும் அதிர்வு. ஒழுங்கற்றது என்று சொல்லப்படும் பொருளில் அப்படி ஒரு கூர்மையான கோடு! போரான் அணுக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இந்த வளையங்களில் இருக்கின்றன என்று நியூட்ரான் அளவைகளும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு (என்எம்ஆர்) அளவைகளும் சொல்கின்றன. கணினியில் உருகை (உருகிய திரவத்தை) மிக வேகமாகக் குளிர்வித்துச் செய்த மாதிரிகளில் இவ்வளவு வளையங்கள் வரவில்லை. அதை வைத்து நீண்ட காலம் விவாதம் நடந்தது.

சாதாரண அழுத்தத்தில் உண்டாகும் போரான் ஆக்சைடு படிகத்தில் இந்த வளையமே கிடையாது. அங்கே முக்கோணங்கள் சங்கிலிகளாகக் கோத்திருக்கின்றன. படிகத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.56 கிராம், கண்ணாடியின் அடர்த்தி வெறும் 1.81 கிராம். உலர்ந்த உருகை எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் சாதாரண அழுத்தத்தில் தானாகப் படிகமாவதில்லை. கண்ணாடியைக் கெட்டுப்போன படிகம் என்று நினைக்கிறவர்களிடம் நான் எடுத்துவைக்கும் முதல் சான்று இதுதான். படிகத்தில் இல்லாத ஓர் ஒழுங்கைக் கண்ணாடி தானே உண்டாக்கி வைத்திருக்கிறது.

விடிந்துவிட்டது. அக்கா வந்ததும் அடுத்த கேன்.

வியாழன்

10 சதவீதமும் 20 சதவீதமும் முடிந்து, 30 ஓடிக்கொண்டிருக்கிறது.

நேற்று கேன் மாற்றும்போது ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்தேன். வெளியே எடுத்தவுடன் கதிர்வீச்சுமானியைப் பக்கத்தில் கொண்டுபோனால் முள் எழும்புகிறது. போரான்-11 இதற்குக் காரணமில்லை, அது நியூட்ரானை ஏறக்குறையப் பிடிப்பதே இல்லை. லித்தியம்-7 பிடித்தாலும் அதிலிருந்து பிறப்பது ஒரு வினாடிக்குள் பாதியாகிவிடும். காரணம் கேன். வனேடியம்-51 ஒரு நியூட்ரானைப் பிடித்து வனேடியம்-52 ஆகிறது. அதன் அரை ஆயுள் 3.7 நிமிடம். சிதைந்து குரோமியமாகிவிடும். மானியைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தோம். பத்து அரை ஆயுள், அதாவது ஏறத்தாழ 37 நிமிடம் கழிந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். புத்தகத்தில் படித்த அடுக்குக்குறிச் சிதைவு, முள் இறங்க இறங்கக் கண் முன்னால் நடந்தது. விதிமுறைப்படி சோதித்துக் குறித்துக்கொண்டு கேனைப் பாதுகாப்பு அலமாரியில் வைத்தோம்.

சரி, லித்தியம் சேர்ப்பது எதற்கு? சிலிக்காவில் சோடியம் ஆக்சைடோ லித்தியம் ஆக்சைடோ சேர்த்தால் வலை அறுகிறது. உருகின் பாகுத்தன்மை குறைகிறது, கண்ணாடி இளகும் வெப்பநிலை இறங்குகிறது. போரான் ஆக்சைடில் முதலில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. வந்து சேரும் ஆக்சிஜன் வலையை அறுக்காமல், மூன்று ஆக்சிஜனோடு முக்கோணமாக இருந்த போரானை நான்கு ஆக்சிஜனோடு நான்முகியாக மாற்றுகிறது. வலை இறுகுகிறது. வெறும் போரான் ஆக்சைடு 260 டிகிரி செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். லித்தியம் ஆக்சைடு மூன்றில் ஒரு பங்கு சேர்ந்தால் அது 490 டிகிரி அளவுக்குப் போய்விடும். இதைப் போரேட் முரண் என்பார்கள்.

நான்கு ஆக்சிஜனுக்கு மாறிய போரானின் விகிதத்தை ஒரு எளிய சூத்திரம் ஓரளவு சரியாகவே சொல்லும்: லித்தியம் ஆக்சைடின் பங்கை போரான் ஆக்சைடின் பங்கால் வகுத்தால் போதும். 20 சதவீதத்துக்கு 0.25, 30 சதவீதத்துக்கு 0.43. அதற்கு மேல் போகப்போகச் சூத்திரம் பொய்க்கத் தொடங்கும், வலை அறுபடவும் தொடங்கும். இந்த எண்களைக் காந்த ஒத்ததிர்வு ஏற்கெனவே நன்றாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அது தூரங்களை நேரடியாகத் தருவதில்லை. முக்கோணத்தில் போரானுக்கும் ஆக்சிஜனுக்கும் 1.37 ஆங்ஸ்ட்ராம், நான்முகியில் 1.47. இடைவெளி 0.1 ஆங்ஸ்ட்ராம்தான். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றால் நியூட்ரான் வேண்டும்.

காரணத்தை விண்ணப்பத்தில் ஒரு பத்தியில் அடக்கியிருந்தோம், இங்கே விரிவாகச் சொல்கிறேன். எக்ஸ் கதிர் எலெக்ட்ரான் மேகத்தில் சிதறுகிறது. மேகம் பரந்தது, அதனால் கோணம் கூடக்கூடச் சிதறல் தேய்ந்துவிடும். நியூட்ரான் சிதறுவது அணுக்கருவில். அலைநீளத்தோடு ஒப்பிட்டால் அணுக்கரு வெறும் புள்ளி. கோணம் எவ்வளவு கூடினாலும் சிதறல் நீளம், அதாவது அணுக்கரு எவ்வளவு வலுவாகச் சிதறடிக்கிறது என்ற அளவு, மாறாது. அலைநீளத்தையும் சிதறும் கோணத்தையும் சேர்த்துக் கியூ என்று நாங்கள் குறிப்பிடும் அளவில் 40 தலைகீழ் ஆங்ஸ்ட்ராம் வரை அலைகளைத் தொடர்ந்து பிடிக்கலாம். எவ்வளவு தூரம் பிடிக்கிறோமோ, தூரங்களில் அவ்வளவு நுட்பம் கிடைக்கும். 40 வரை போனால் ஏறத்தாழ 0.1 ஆங்ஸ்ட்ராம். எங்களுக்கு வேண்டியதும் அதுதான், கொஞ்சமும் உபரி இல்லை.

இன்னொன்று, எக்ஸ் கதிருக்கு அணு எண் பெரியதாக இருந்தால்தான் கண் தெரியும். நியூட்ரானுக்கு அந்தப் பாரபட்சம் கிடையாது. ஈயத்தின் பக்கத்தில் நிற்கும் ஆக்சிஜனைக்கூட அது தவறவிடாது. சிதறல் நீளம் போரான்-11க்கு 6.65 ஃபெம்டோமீட்டர், ஆக்சிஜனுக்கு 5.80. லித்தியம்-7க்கு மைனஸ் 2.22. ஆமாம், மைனஸ். மற்ற இரண்டோடு ஒப்பிட்டால் சிதறிய அலை தலைகீழாக இருக்கிறது. அதன் விளைவை நாளை பார்க்க முடியும் என்று நம்புகிறேன்.

வெள்ளி

இன்று பூராவும் திரை முன்னால். நான்கு கண்ணாடிகளும் முடிந்தன. மாதிரித் தரவில் காலிக் கருவியைக் கழித்தோம், கேனைக் கழித்தோம், கண்ணாடியே தன் மேல் விழும் நியூட்ரானை எவ்வளவு மறைக்கிறது என்று திருத்தினோம், ஒரே நியூட்ரான் இரண்டு மூன்று முறை சிதறியதைத் திருத்தினோம், மோதும்போது அணுக்கரு பின்வாங்குவதால் வரும் பிழையையும் திருத்தினோம். கண்ணாடி ஆய்வில் பாதி இதுதான். கவர்ச்சி இல்லாத வேலை என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு கழித்தலும் இயற்பியலின் ஒரு பாடம், ஒன்றைத் தவறவிட்டாலும் முடிவு நம்மை ஏமாற்றும்.

ஏமாற்றுகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு அழகான வழி இருக்கிறது. ஃபூரியே உருமாற்றம் என்ற கணக்கால் சிதறல் அலைகளைத் தூரங்களின் வரைபடமாக மாற்றினால், 1.2 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே இந்தக் கண்ணாடியில் எந்த இரண்டு அணுக்களும் நெருங்கி இருக்க முடியாது. அந்தப் பகுதியில் முகடு வரக் கூடாது. சராசரி அடர்த்தி மட்டும் தீர்மானிக்கிற சரிவோடு ஒரு நேர்கோடு கீழே இறங்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே அலை அடித்தால் எங்கோ திருத்தம் பிழை என்று பொருள். பதில் தெரிந்த இடத்தில் முதலில் சோதித்துவிட்டு, அப்புறம் தெரியாத இடத்துக்குப் போகலாம். "அடியை முதல்ல பாரு, முகட்டை அப்புறம் பாப்போம்" என்று அக்கா திரையின் இடது ஓரத்தைச் சுட்டிக்காட்டிக்கொண்டே இருந்தார். மாலைக்குள் கோடு நேரானது.

போரான் ஆக்சைடில் முதல் முகடு 1.37ல், சீராக, ஒல்லியாக நின்றது. அதன் பரப்பிலிருந்து போரானைச் சுற்றி மூன்று ஆக்சிஜன் என்று கிடைக்கிறது. அடுத்தது 2.37. முக்கோணத்தில் ஆக்சிஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள தூரம் 1.37ஐ மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வருவது, வளையத்துக்குள் போரானுக்கும் போரானுக்கும் உள்ள தூரமும் அதேதான். பிறகு என் கண் 3.6க்குப் போனது. அங்கே ஒரு முகடு தெளிவாக இருந்தது. வளையத்தின் ஒரு போரானிலிருந்து, அதே வளையத்தின் அடுத்த போரானில் வெளியே நீட்டி நிற்கும் ஆக்சிஜனுக்கு உள்ள தூரத்தை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்: வளையத்தின் மையத்திலிருந்து போரான் 1.37, அந்த ஆக்சிஜன் 2.74, இடையே 120 டிகிரி. விடை 3.62. வளையம் தட்டையாக, விறைப்பாக இருப்பதால்தான் இத்தனை தள்ளியிருக்கும் இரண்டு அணுக்களின் தூரமும் மங்காமல் தெரிகிறது. கோணங்கள் இஷ்டத்துக்குத் திரும்பியிருந்தால் இந்த முகடு கரைந்து போயிருக்கும்.

லித்தியம் கூடக்கூட முதல் முகட்டின் வலது தோள் புடைத்தது. 30 சதவீதக் கண்ணாடியில் அந்தத் தோள் 1.47 பக்கம் நன்றாகவே எழும்பியிருக்கிறது. மொத்தப் பரப்பு போரானுக்குச் சராசரியாக 3.4 ஆக்சிஜன் என்கிறது, சூத்திரம் சொல்வதற்கு மிக அருகில். 3.6ல் இருந்த முகடோ லித்தியம் ஏற ஏறத் தாழ்ந்து அகன்றது. வெறும் போராக்சால் வளையங்கள் குறைந்து, நான்முகி கலந்த வேறு வளையங்கள் அவற்றின் இடத்துக்கு வருகின்றன.

நேற்றுச் சொன்ன மைனஸ் வந்தது. 2 ஆங்ஸ்ட்ராம் அருகே மற்ற இடங்களில் மேடு இருக்க வேண்டிய விதத்தில் இங்கே ஒரு பள்ளம். லித்தியத்துக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள தூரம் அது. லித்தியம் இல்லாத கண்ணாடியில் அந்த இடம் சமதளம். 10, 20, 30 என்று மூன்று கோடுகளையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டபோது பள்ளம் படிப்படியாக ஆழமானது. எக்ஸ் கதிரில் மூன்றே எலெக்ட்ரான் உள்ள லித்தியம் இந்தக் கூட்டத்தில் ஏறக்குறையக் காணாமல் போயிருக்கும். இங்கே கையெழுத்துப் போட்டுவிட்டு நிற்கிறது. லித்தியம் அயனி ஓடக்கூடிய கண்ணாடிகளைத் திண்ம மின்கலன்களுக்காக ஆராய்கிறவர்களுக்கு இந்தப் பள்ளத்தின் ஆழமும் அகலமும் தங்கம். அயனி எத்தனை ஆக்சிஜன்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது என்பதை இதை விட நேரடியாகக் காட்டும் வழியை நான் பார்த்ததில்லை.

சனி

கற்றை வேறு குழுவுக்குப் போய்விட்டது. ஐசிஸில் வாசல் வரைக்கும் கண்காணிப்புப் பொறிகள். கை, கால், பை எல்லாவற்றையும் சோதித்து அனுப்பினார்கள். கண்ணாடிகளின் கதிரியக்கம் எடுத்துச் செல்லும் அளவுக்குக் கீழே இருக்கிறது என்று அளந்து சான்று கொடுத்த பிறகுதான் அவை எங்கள் கைக்கு வரும்.

ரயிலில் அக்காவும் நானும் மிச்ச வேலையைப் பிரித்துக்கொண்டோம். முகட்டை இரண்டாகப் பிரிக்கும் பொருத்தத்தை நான் செய்கிறேன். ஆனால் 1.37, 1.47 இரண்டின் பரப்பையும் நியூட்ரான் தரவிலிருந்து மட்டும் கட்டில்லாமல் விட்டால், அகலமும் பரப்பும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டிக்கொண்டு எந்த விடையையும் நியாயப்படுத்திவிடும். அதனால் நான்முகி விகிதத்தைக் காந்த ஒத்ததிர்வில் அளந்து, அதைப் பிடித்துக் கட்டிவைத்துவிட்டு, தூரங்களையும் அகலங்களையும் மட்டும் நியூட்ரானைச் சொல்ல விடுகிறோம். அக்கா இதே தரவை வைத்து அணு மாதிரிகளைக் கட்டப் போகிறார். தலைகீழ் மான்டே கார்லோ என்ற முறையில் ஆயிரக்கணக்கான அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, அளந்த வளைகோட்டோடு பொருந்தும் வரை அது தேடும். அதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அவரிடமே சொன்னேன்: வளையம் வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் அந்த முறை வளையமில்லாமலேயே வளைகோட்டைப் பொருத்திவிடும். ஒரு பரிமாண வளைகோட்டுக்குள் முப்பரிமாண அமைப்பு முழுதாக அடங்குவதில்லை.

"அதனாலதான் ராமன் கோட்டையும் கூட வச்சுக்கணும்" என்றார். 808ல் நிற்கும் அந்தக் கோடு லித்தியம் ஏற ஏற எப்படித் தேய்கிறது என்பதை எங்களுடைய இதே சில்லுகளில் அளக்க வேண்டும். வேறு உருக்கில் எடுத்த கண்ணாடியில் அளந்தால் பயனில்லை. சில்லுகள் சான்றோடு வந்து சேர்ந்ததும் முதல் வேலை அது. அதற்கு முன் நான்கு கண்ணாடிகளின் அடர்த்தியையும் இன்னொரு முறை அளக்க வேண்டும், நேர்கோட்டின் சரிவு அதை நம்பித்தான் நிற்கிறது.